பூட்டிய வீட்டில் நிற்கும் கார்: வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் போதுமா?

9 ஆகஸ்ட் 2025 (கேள்வி)

எங்கள் குடும்ப வீடு கானாடுகாத்தானில் இருக்கிறது. நாங்கள் சென்னையில் வசிக்கிறோம்; கல்யாணம், படைப்பு (முன்னோர் வழிபாடு), பிள்ளையார் நோன்பு என்று ஆண்டுக்கு நான்கைந்து முறைதான் ஊருக்கு வருகிறோம். ஊரில் ஓட்டுவதற்கென்றே 2016ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார் ஒன்று பின்தெருவைப் பார்த்த கொட்டகையில் நிற்கிறது. வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிட்டால் பேட்டரி கெடாது என்று எல்லாரும் சொன்னதால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் ஞாயிறுதோறும் தவறாமல் அப்படியே செய்கிறார். ஆனாலும் மூன்று ஆண்டுகளில் இரண்டு பேட்டரிகள் போய்விட்டன. இந்த ஆடியில் வந்தபோது கார் இடத்தை விட்டே நகரவில்லை, பின்சக்கரங்கள் இறுகிக்கொண்டன. வாரம் இரண்டு முறை ஸ்டார்ட் செய்யச் சொல்லலாமா, அல்லது காரையே விற்றுவிடலாமா?

10 ஆகஸ்ட் 2025

விற்க வேண்டாம், வாரம் இரண்டு முறையும் வேண்டாம். இந்த ஐந்து நிமிட வைத்தியம் பேட்டரியைக் காப்பாற்றுவதில்லை என்பது என் கட்சி. காரைக்குடியில் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பங்காளிகளின் மூன்று வீட்டுச் சாவிகளும், அவற்றோடு மூன்று கார்களும் என் பொறுப்புக்கு வந்து சேர்ந்தன. முதல் இரண்டு ஆண்டுகள் நானும் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு வீடாகப் போய், கொட்டகையைத் திறந்து, ஸ்டார்ட் செய்து, இஞ்சின் சத்தத்தைக் காதாரக் கேட்டுவிட்டு, கடமை முடிந்தது என்று பூட்டிக்கொண்டு வந்தவன்தான். அந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று கார்களுக்குமாக நான்கு பேட்டரிகள் வாங்கினேன்.

காரணம் எளிது. ஸ்டார்ட்டர் மோட்டார் சுழலும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கிறது. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இஞ்சினில், பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றும் ஆல்டர்னேட்டர் தருவதோ சொற்பம். ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் கடன் வாங்கிவிட்டு, திருப்பிக் கட்டாமலே இஞ்சினை அணைக்கிறோம்.

இஞ்சினுக்கும் இதனால் நன்மை கிடையாது. பெட்ரோல் எரியும்போது நீராவி உண்டாகிறது. இஞ்சின் குளிர்ந்திருக்கையில் அதில் ஒரு பகுதி ஆயிலோடு கலந்துவிடுகிறது. ஆயில் நன்றாகக் காய்ந்தால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். ஐந்து நிமிடத்தில் ரேடியேட்டர் தண்ணீர் வெதுவெதுப்பாகலாம், ஆயில் காயாது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பால் நிறத்தில் களிம்பு படிந்திருந்தால் அது ஞாயிற்றுக்கிழமைகளின் சேமிப்பு.

11 ஆகஸ்ட் 2025

நேற்று நான் எழுதியதில் பாதி தவறு. இரவு படுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன்; முப்பது ஆண்டு பேரேடு பார்த்தவன் இதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது சுழல்வது மூன்று விநாடி. 150ஐ 3ஆல் பெருக்கி 3600ஆல் வகுத்தால் 0.125 ஆம்பியர்-மணி (பேட்டரியின் இருப்பை அளக்கும் அலகு) வருகிறது. ஐந்து நிமிடம் நின்றபடி ஓடும்போது ஆல்டர்னேட்டர் பேட்டரிக்கு 8 ஆம்பியர் தருவதாகக் கொண்டால், திரும்பி வருவது ஏறத்தாழ 0.67 ஆம்பியர்-மணி. ஆக, ஸ்டார்ட் செய்த செலவு திரும்பி வந்துவிடுகிறது. கொஞ்சம் மிச்சமும் இருக்கிறது. ஸ்டார்ட்டர் மேல் நான் சுமத்திய பழி செல்லாது.

உண்மையான செலவு வேறு இடத்தில் இருக்கிறது. சாவியை எடுத்துவிட்டுப் போன பிறகும் கடிகாரம், சென்ட்ரல் லாக், இஞ்சின் கம்ப்யூட்டர் ஆகியவை தூக்கத்திலும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டே இருக்கின்றன. அது 30 மில்லி ஆம்பியர் என்று கொள்ளுங்கள். 20 முதல் 50 வரை இயல்பானது. வாரத்துக்கு 168 மணி நேரம். பெருக்கினால் 5 ஆம்பியர்-மணி. பற்று 5, அதோடு ஸ்டார்ட் செய்த 0.125, வரவு 0.67. வாரந்தோறும் நாலரை ஆம்பியர்-மணி நட்டம். சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஆம்பியர்-மணி பேட்டரி. நான்கே வாரத்தில் முதலில் பாதி கரைந்துவிடும்.

ஈய-அமில பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கி நாட்கணக்கில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் படிந்து இறுகிப்போகும். பிறகு எவ்வளவு சார்ஜ் போட்டாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. நம் ஊர் வெயில் இந்தக் கேட்டை இன்னும் விரைவாக்குகிறது. வேடிக்கை என்னவென்றால், பேட்டரியையும் துருவையும் ஆராய்வதற்கென்றே 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், நாம் சிக்ரி என்று சொல்வது, இதே காரைக்குடியில்தான் இருக்கிறது. அதன் மதிலைத் தாண்டித்தான் நான் ஒவ்வொரு முறையும் புதுப் பேட்டரியை ஏற்றிக்கொண்டு போனேன்.

11 ஆகஸ்ட் 2025, இரவு

செய்ய வேண்டியதைச் சொல்லாமல் கணக்கிலேயே நின்றுவிட்டேன். மூன்று வாரத்துக்கு மேல் நிற்கப்போகிற காருக்கு பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி வையுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது மாறினால், ஸ்பேனர் தவறி பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும்; எனக்குப் பறந்திருக்கிறது, அந்த ஸ்பேனரின் வாய் இன்றும் கருகியே இருக்கிறது.

கழற்றி வைத்த பேட்டரி தானாக இழப்பது மாதத்துக்குச் சில சதவீதம்தான்.

12 ஆகஸ்ட் 2025

நெகட்டிவ் முனையைக் கழற்றினால் காரை எப்படிப் பூட்டுவது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ரிமோட் வேலை செய்யாது. சாவியைக் கதவுத் துளையில் விட்டுத் திருப்பிப் பூட்ட வேண்டும். அந்தத் துளை பல ஆண்டுகள் பயன்படாமல் செம்மண் புழுதி அடைத்திருக்கும் என்பதால் முதலில் ஒரு முறை திருப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கார்களில் டிக்கி மின்சாரத்தில் மட்டுமே திறக்கும். அப்படிப்பட்ட காரில் ஸ்பேனரை டிக்கிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு பேட்டரியைக் கழற்றியவர் யார் என்று கேட்காதீர்கள்.

மீண்டும் மாட்டிய பிறகு கடிகாரம் தவறாகக் காட்டும், தானாக ஏறி இறங்கும் கண்ணாடிக்கு மறுபடி பாடம் சொல்ல வேண்டியிருக்கும், முதல் சில நிமிடங்கள் இஞ்சின் சற்றே ஏறி இறங்கி ஓடும். இவை கோளாறுகள் அல்ல.

பேட்டரியைக் கழற்றாமலே, எப்போதும் மாட்டி வைக்கக்கூடிய பராமரிப்பு சார்ஜரைப் பயன்படுத்தலாமே என்று இன்னொருவர் எழுதியிருக்கிறார். நல்ல யோசனைதான், ஆனால் செட்டிநாட்டில் வீட்டைப் பூட்டும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவதுதான் வழக்கம், ஒரு காருக்காக எண்பது ஆண்டு ஒயரிங்கை ஆள் இல்லாத வீட்டில் உயிரோடு விட்டு வைக்க நான் துணிய மாட்டேன்.

15 ஆகஸ்ட் 2025

பின்சக்கரம் இறுகியது பற்றி. இதற்குக் காரணம் பேட்டரி அல்ல, ஹேண்ட்பிரேக். பெரும்பாலான சிறிய கார்களில் பின்சக்கரத்தில் இருப்பது டிரம் பிரேக். ஹேண்ட்பிரேக்கை இழுத்து வைத்துவிட்டுப் போனால், உள்ளே இருக்கும் பிரேக் ஷூ என்ற பிடிப்புத் துண்டு டிரம்மை அணைத்தபடியே மாதக்கணக்கில் இருக்கிறது; ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் டிரம்மின் உட்புறம் துருப்பிடித்து இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன.

எனக்கு இது நேர்ந்தது ஒரு தை மாதத்தில். முதல் கியரில் கிளட்சை விட்டால் காரின் முன்பக்கம் எழும்புகிறது, பின்பக்கம் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஆக்சிலேட்டரை மிதித்தேன். துப்பாக்கி வெடித்தது போல ஒரு சத்தம் கேட்டு, கார் குதித்து நகர்ந்தது. விடுபட்டது என்று மகிழ்ந்தேன். மறுநாள் மெக்கானிக் பாய் டிரம்மைக் கழற்றிக் காட்டியபோது, ஷூவின் லைனிங் ஓர் அட்டைத் துண்டு போல முழுதாகப் பெயர்ந்து டிரம்மோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து பிரேக்கே இல்லாமல் முந்தைய நாள் குன்றக்குடி வரை போய் வந்திருக்கிறேன். “ஐயா, சக்கரத்தைக் கழற்றி டிரம்மைச் சுற்றிச் சுத்தியால் நாலு தட்டுத் தட்டினால் தானாக விட்டிருக்கும். இஞ்சினை வைத்தா பிடுங்குவார்கள்?” என்றார். அவர் சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை.

ஆகவே நீண்ட நாள் நிறுத்தும்போது சமதரையில் முதல் கியரிலோ ரிவர்ஸிலோ விட்டு, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் கார் என்றால் பார்க் நிலையில் விட்டு, கட்டையும் வைக்க வேண்டும். நான் வைப்பது பழைய வீட்டு உத்திரத்தில் அறுத்தெடுத்த பர்மாத் தேக்குத் துண்டுகள். பழைய பொருள் கடைக்காரர் ஒருவர் கட்டையை விலைக்குக் கேட்டார், காரைக் கேட்கவில்லை.

19 ஆகஸ்ட் 2025

பெட்ரோல் டேங்கை நிரப்பி வைப்பதா, காலியாக வைப்பதா? நிரப்பி வையுங்கள். டேங்கில் வெற்றிடம் இருந்தால் காற்றிலுள்ள ஈரம் உட்சுவரில் படிந்து தண்ணீராக இறங்கும். அப்பச்சி காலத்திலிருந்து எங்கள் வீட்டு வழக்கம் இதுதான்.

20 ஆகஸ்ட் 2025

இது அப்பச்சி காலத்து வழக்கம் என்பதை நானே எழுதிவிட்டு அதை யோசிக்காமல் விட்டிருக்கிறேன். அப்போது டேங்க் இரும்பு, பெட்ரோலில் எத்தனால் கிடையாது. இப்போது பல கார்களில் டேங்க் பிளாஸ்டிக், அதில் துரு என்ற பேச்சே இல்லை. பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலிலோ 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. எத்தனாலுக்குத் தண்ணீரை ஈர்க்கும் குணம் உண்டு. ஓர் அளவு வரை ஈரத்தைத் தன்னோடு கரைத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீருமாகப் பிரிந்து டேங்கின் அடியில் இறங்கிவிடும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான்.

ஆகவே என் நடைமுறையை மாற்றிக்கொண்டிருக்கிறேன். இரண்டு மூன்று மாதம் நிற்கும் கார் என்றால் நிரப்பியே வைக்கிறேன். அதற்கு மேல் நிற்கும் கார் என்றால் கால் டேங்கோடு விட்டுவிட்டு, மறுபடி எடுக்கும் நாளில் புதுப் பெட்ரோல் ஊற்றிக் கலக்கிறேன்; பழையதன் பங்கு குறைந்துவிடுகிறது.

20 சதவீத எத்தனாலால் மைலேஜ் குறைகிறதா என்ற கேள்விக்கு: எத்தனாலின் எரிசக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால் கொஞ்சம் குறையத்தான் செய்யும். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த கார்களில் இந்த அளவு எத்தனாலுக்கு ஏற்ற பாகங்கள் இல்லாதிருக்கலாம் என்பதால், ரப்பர் குழாய்களையும் சீல்களையும் ஆண்டுக்கு ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. பெட்ரோல் வாடை அடித்தால் அன்றே பார்க்க வேண்டும், அடுத்த சர்வீஸ் வரை தள்ளக் கூடாது.

27 ஆகஸ்ட் 2025

இன்று பிள்ளையார் சதுர்த்தி. பிள்ளையார்பட்டிப் பக்கம் காரை எடுத்துப் போகும் துணிச்சல் எனக்கு இல்லை. முக்குறுணிக் கொழுக்கட்டைப் பிரசாதத்துக்கு ஆசைப்பட்டால் வண்டியை எந்த ஊர் எல்லையில் நிறுத்த வேண்டியிருக்குமோ தெரியாது. ஆனால் மற்ற சதுர்த்திகள் நமக்கு மிகவும் உதவும்.

பேட்டரியைக் கழற்றி வைக்காமல் காரை உயிரோடு வைத்திருக்க விரும்புகிறவர்களுக்கு ஒரே வழி, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை உண்மையாகவே ஓட்டுவது. இருபது கிலோமீட்டருக்குக் குறையாமல், அரை மணி நேரம், நான்காம் ஐந்தாம் கியரில் ஓட வேண்டும். ஆயில் காய்கிறது, பிரேக் டிஸ்க்கின் மேல் துரு தேய்ந்து போகிறது, டயர் உருண்டு வடிவம் பெறுகிறது, ஏசியின் கம்ப்ரஸர் சீல்களுக்கு எண்ணெய் போகிறது. காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி ஏறத்தாழ 12 கிலோமீட்டர். போய் வந்தால் 24. வளர்பிறைச் சதுர்த்தி ஒன்று, தேய்பிறைச் சதுர்த்தி ஒன்று என மாதத்துக்கு இரண்டு. என் பொறுப்பில் உள்ள கார்களில் ஒன்று இப்போது இந்தப் பஞ்சாங்கப்படிதான் ஓடுகிறது. சதுர்த்தி என்றைக்கு என்று மறந்துபோனால் வீட்டு ஆச்சி நினைவூட்டிவிடுவாள். இஞ்சினின் ஆரோக்கியத்தில் அவளுக்கு அக்கறை என்று நான் நினைத்துக்கொள்கிறேன்.

கானாடுகாத்தானிலிருந்து பிள்ளையார்பட்டிக்கு இன்னும் தூரம் அதிகம், அந்த அளவுக்கு நல்லது.

7 செப்டம்பர் 2025

எலி பற்றி எழுதச் சொல்லி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். எழுதாமல் இருந்ததற்குக் காரணம், இதில் நான் தோற்றவன்.

பூட்டிய வீடு எலிக்கு அரண்மனை. அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பதால் எதையாவது கடித்துத் தேய்த்தாக வேண்டும். பானட்டுக்கு அடியில் இருட்டு, கதகதப்பு, மெத்தென்ற ஒயர் எல்லாம் கிடைக்கின்றன. ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் இஞ்சினை ஓடவிட்டால் வெந்நீர்க் குழாயும் வைத்துக் கொடுத்தது போலாகிறது.

முதலில் பாச்சா உருண்டை போட்டேன். எலி போகவில்லை, ஏசியைப் போட்டதும் பழைய பட்டுப்புடவைப் பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது போல இருந்தது, தலைவலி வந்ததுதான் மிச்சம். அடுத்ததாக ஒருவர் சொன்னபடி புகையிலையைத் துணியில் முடிந்து பேட்டரி ஓரத்தில் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாள் கழித்துத் திறந்தால் முடிச்சு மட்டும் இருந்தது. ஏர் ஃபில்டர் பெட்டியின் கிளிப்பைக் கழற்றியபோது உள்ளே அந்தப் புகையிலை, தென்னை நார், ஒரு பழைய கல்யாணப் பத்திரிகையின் மஞ்சள் தடவிய மூலை ஆகியவற்றால் பின்னிய கூடு. ஃபில்டர் தாளில் உள்ளங்கை அளவு ஓட்டை. அந்த ஓட்டை வழியாக எத்தனை நாள் செம்மண் தூசி இஞ்சினுக்குள் போயிற்றோ! அது எனக்கு ஒயர் கடியைவிட அதிக வருத்தம் தந்தது, ஏனென்றால் ஒயரைச் சேர்த்துக் கட்டிவிடலாம், சிலிண்டரில் விழுந்த கீறலை எதைக் கொண்டு கட்டுவது?

ஓரளவு பலன் தந்தவை இரண்டு. காற்று நுழையும் குழாயின் வாயில் அரை அங்குலத்துக்கும் குறைந்த கண்ணுள்ள இரும்பு வலையை வைத்துக் கட்டினேன். துணியோ பிளாஸ்டிக் வலையோ உதவாது. இரண்டாவது, நிறுத்தும் நாட்களில் பானட்டை முழுதாகத் தூக்கி வைத்துவிடுகிறேன். வெளிச்சமும் காற்றும் படும் இடத்தில் எலி குடியேறத் தயங்குகிறது. பானட்டின் கீழ் விளக்கு உள்ள கார் என்றால் பேட்டரியைக் கழற்றாமல் இப்படிச் செய்யக் கூடாது. கொட்டகையில் நெல் மூட்டை, புண்ணாக்கு, தேங்காய் எதுவும் வைக்காமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியம். நான் அதைத்தான் கடைசியாகச் செய்தேன்.

8 செப்டம்பர் 2025

பூனை வளர்க்கலாமே என்று எழுதியவருக்கு: வளர்த்தோம். அது பானட்டின் மேல் படுத்துத் தூங்கும், எலி பானட்டுக்குக் கீழே.

21 செப்டம்பர் 2025

ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் போர்த் தண்ணீர் ஊற்றலாமா என்ற கேள்விக்கு, கூடாது. நம் பக்கத்துப் போர்த் தண்ணீரில் சோறு வடிக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்புப் படிகிறதே, அதே உப்புத்தான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படியும். காருக்கு உரிய கூலன்ட், அல்லது அதன் கெட்டிக் கரைசலோடு சம அளவு டிஸ்டில்டு வாட்டர் கலந்தது மட்டும்தான் ஊற்ற வேண்டும். கூலன்டின் வேலை கொதிக்காமல் காப்பது மட்டும் அன்று; உள்ளே துருப்பிடிக்காமலும் காக்கிறது. இஞ்சின் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

அப்பச்சியின் அம்பாசடருக்கு எங்கள் வீட்டில் மழைத் தண்ணீர்தான். வளவின் (உள் முற்றத்தின்) நான்கு மூலையிலும் ஓட்டுச் சரிவிலிருந்து விழும் தண்ணீரை அண்டாக்களில் பிடித்து, வேட்டித் துணியில் வடிகட்டி, ஒரு தனிச் செப்புக் குடத்தில் “கார்த் தண்ணி” என்று மூடி வைத்திருப்பார்கள். அப்பத்தா தவறிப்போய் அதை எடுத்துக் காப்பி போட்டதற்கு ஒரு நாள் முழுவதும் வீட்டில் பேச்சு நடந்தது. அப்போது அது கருமித்தனம் என்று நினைத்தேன். மழைத் தண்ணீரில் உப்பு இல்லை என்பதால் கூலன்ட் இல்லாத காலத்தில் அதைவிட நல்ல ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்று இப்போது தெரிகிறது. ஆனால் இன்றைய அலுமினிய ரேடியேட்டருக்குத் துருத்தடுப்பு இல்லாத எந்தத் தண்ணீரும் போதாது, மழைத் தண்ணீரும்தான்.

12 அக்டோபர் 2025

கேட்டவர் மூன்று நாள் ஊருக்கு வந்திருந்தார். கானாடுகாத்தானுக்குப் போய்க் காரைப் பார்த்தேன். இந்தக் குறிப்பு கொஞ்சம் நீளும்.

மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவுக்கு மாற்றி, பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றி, கம்பிக்கும் பேட்டரி முனைக்கும் இடையில் மீட்டரை இணைத்தேன். கதவு திறந்திருந்தாலும் பூட்டிய கதவு என்று கார் நம்ப வேண்டும் என்பதற்காகக் கதவு லாக்கின் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் மடக்கிவிட்டேன். பிறகு அரை மணி நேரம் எதையும் தொடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். கார் கம்ப்யூட்டர்கள் உறங்கப் போக அவ்வளவு நேரம் எடுக்கலாம். மீட்டர் மாட்டியிருக்கும்போது யாரும் சாவியைத் திருப்பிவிடக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். சாவியை என் இடுப்பிலேயே செருகிக்கொண்டேன்.

மீட்டர் காட்டியது 75 மில்லி ஆம்பியர்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தோம். எதைப் பிடுங்கினாலும் எண் இறங்கவில்லை. அப்படியென்றால் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் பேட்டரியிலிருந்து நேராக ஏதோ ஒன்று குடிக்கிறது என்று பொருள். தேடியதில், பாசிட்டிவ் முனையில் ஒரு மெல்லிய சிவப்பு ஒயர் தனியாகப் போய், தரை விரிப்புக்கு அடியில் ஓடி, பின்சீட்டுக்குக் கீழே இருந்த ஆம்பிளிஃபயரில் முடிந்தது. மூன்று ஆண்டுக்கு முன் பாட்டுப் பெட்டி மாற்றிய கடையில் போட்ட வேலை அது. சாவியை எடுத்ததும் அணைய வேண்டிய கட்டுப்பாட்டு ஒயரையும் அவர்கள் நிரந்தர மின்சாரத்திலேயே முறுக்கிவிட்டிருந்தார்கள். அதைப் பிரித்ததும் மீட்டர் 22க்கு இறங்கியது.

வாரக் கணக்கைப் பாருங்கள். 75 மில்லி ஆம்பியரை 168ஆல் பெருக்கினால் 12.6 ஆம்பியர்-மணி. ஐந்து நிமிட வரவைக் கழித்தாலும் 12. மூன்று வாரத்தில் 35 ஆம்பியர்-மணி பேட்டரி துடைத்து வைத்தது போலக் காலியாகிவிடும். அப்படியானால் இந்த மூன்று ஆண்டுகளும் ஞாயிறுதோறும் கார் எப்படி ஸ்டார்ட் ஆயிற்று என்ற ஐயம் எனக்கு வந்தது. வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம் கேட்டேன். அவர் சற்றே தயங்கிவிட்டுச் சொன்னார்: மாதம் ஒரு முறையாவது வண்டி “கிர்ர்” என்று நின்றுவிடும், பக்கத்துத் தெரு டிராக்டர்க்காரரிடம் பேட்டரி வாங்கி வந்து கேபிள் மாட்டி உயிர் கொடுப்பார். முதலாளிக்குக் கவலை கொடுக்க வேண்டாம் என்றுதான் இதுவரை சொல்லாமல் இருந்தாராம். டிராக்டர்க்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்ததும் அவர் கைக்காசு. கேட்டவர் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. முற்றிலும் காலியாகி மறுபடி உயிர் பெறுவது என்பது இந்த வகை பேட்டரிக்கு எமன் வாயிலுக்குப் போய்த் திரும்புவது. மூன்று ஆண்டில் முப்பது முறை போய் வந்த பேட்டரிகள் செத்ததில் வியப்பு இல்லை.

ஐந்து நிமிடமும் பாட்டுப் பெட்டியில் நேயர் விருப்பம் கேட்டதையும் அவர் தானாகவே ஒப்புக்கொண்டார்.

13 அக்டோபர் 2025

நேற்று விட்டுப்போனவை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2316 என்றிருந்தால் 2016ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்தது. இந்தக் காரில் நான்கு டயரும் 2016. பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பள்ளம், ஆழமாக, புதிது போலவே இருக்கிறது. ஆனால் பக்கவாட்டில் நகக்கண் அளவு வெடிப்புகள். ஓடாத டயரும் வயதாகும் என்பதை ஏற்க மனம் வராது. கேட்டவருக்கும் வரவில்லை. திருச்சி நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் இதை நம்பிப் போவீர்களா என்று கேட்டதும் நான்கும் மாற்றச் சம்மதித்தார்.

பிரேக் ஆயிலும் மாற்றப்பட்டது. அதுவும் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும். டாட் 4 வகை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரம் ஏறிய பிறகு அந்த எல்லை 155க்கு இறங்கிவிடும். ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை. இஞ்சின் ஆயில் ஆண்டுக்கு ஒரு முறை, 800 கிலோமீட்டரே ஓடியிருந்தாலும். வைப்பர் ரப்பரைக் கண்ணாடியில் படாமல் தூக்கி வையுங்கள்.

16 நவம்பர் 2025

காகிதங்கள். கார் நிற்கத்தானே செய்கிறது என்று இன்ஷூரன்ஸைப் புதுப்பிக்காமல் விட்ட ஒரு பங்காளிக்காக எழுதுகிறேன். காலாவதியாகி 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், க்ளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த தள்ளுபடி முழுவதும் போய்விடும். அது 50 சதவீதம் வரை ஏறியிருந்தது அவருக்கு. தீ, திருட்டு, வெள்ளம் இவை நிற்கும் காருக்கும் வரும். புகைச் சான்று பிஎஸ் 4, பிஎஸ் 6 என்ற புகை விதிகளின்படி வந்த கார்களுக்கு ஓராண்டு செல்லும். 15 ஆண்டு முடிந்தால் ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலிலிருந்து கட்டணம் 5,000 ரூபாய், 20 ஆண்டைத் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கியிருக்கிறார்கள்.

28 டிசம்பர் 2025

கேட்டவர் பிள்ளையார் நோன்புக்கு வந்திருக்கிறார். அக்டோபரிலிருந்து கார் சதுர்த்திதோறும் பிள்ளையார்பட்டி போய் வருகிறது; ஓட்டுநர் உரிமம் உள்ள அண்டை வீட்டுத் தம்பி ஒருவர் ஓட்ட, வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பக்கத்தில் அமர்ந்து பாட்டுக் கேட்டுக்கொண்டு போகிறாராம். தேதி, கிலோமீட்டர், பேட்டரி வோல்ட் மூன்றையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லியிருந்தேன். நேற்றைய பதிவு 12.5. முழு சார்ஜுக்கு 12.6 என்றால் இது தாராளம்.

இன்று காலை ஏழு மணிக்குக் கேட்டவரிடமிருந்து பதற்றமாக ஒரு போன் வந்தது. “அண்ணே, ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆகிவிட்டது, ஆனால் வண்டி நகர மாட்டேன் என்கிறது, மறுபடி பிரேக் பிடித்துக்கொண்டது. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்துப் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். மிதிக்க வேண்டாம், இறங்கிச் சக்கரத்துக்கு முன்னால் பாருங்கள் என்றேன். சற்று நேரம் மறுமுனையில் சத்தம் இல்லை. பிறகு கட்டையை எடுத்துப் போடும் ஓசை கேட்டது. கட்டைக்குச் சேதம் ஒன்றும் இல்லையாம், பர்மாத் தேக்கு.